உணவு டிரெய்லரில் இரண்டு எரிவாயுத் தோம்புகளைக் கையாளும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, பட்டர்வொர்த், பத்து காவான் பக்கங்களில் மாலை நேரத்தில் தோசையும் அப்பமும் மீ கோரெங்கும் விற்கும் டிரெய்லர் கடைகள் பலவற்றின் முன்தட்டில் இரண்டு எரிவாயுத் தோம்புகள் (சிலிண்டர்கள்) அருகருகே நிற்பதைக் காணலாம். இரண்டு தோம்பு இருக்கும்போது வியாபாரத்தின் நடுவில் அடுப்பு அணையாது என்று அக்கடைக்காரர்களில் பலர் நம்புகிறார்கள். ஆனால் இரண்டு தோம்புகளையும் ஒரே இணைப்பில் மாட்டி, இரண்டு வால்வுகளையும் திறந்து வைத்திருந்தால், இரண்டும் ஒன்றாகவே குறைந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும். அந்த நிலையில் உங்களிடம் இருப்பது பெரிய ஒற்றைத் தோம்புதானே தவிர, கையிருப்பு அல்ல.

ஆகவே, தோம்பின் அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு அனுப்பும் ரெகுலேட்டரை வாங்கப் போவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது தோம்பு, முதல் தோம்பு தீரும்போது கைகொடுக்கும் இருப்பாக நிற்க வேண்டுமா, அல்லது முதல் தோம்போடு சேர்ந்து அடுப்புக்கு வேகம் கொடுக்க வேண்டுமா என்பதே அந்த முடிவு. முதலாவதை இருப்பு முறை என்றும் இரண்டாவதைக் கூட்டு முறை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் அந்த இரண்டு தோம்புகளால் செய்ய முடியாது.

இருப்பு முறை

இதில் ஒரு தோம்பு மட்டுமே ஓடும்; மற்றொன்று நிறைந்த நிலையில் வால்வு மூடப்பட்டு நிற்கும். மிக எளிய ஏற்பாடு, ஓடும் தோம்பில் மட்டும் ரெகுலேட்டரை மாட்டி, இருப்புத் தோம்பின் வாயை அதற்குரிய மூடியால் மூடி வைப்பதுதான். தீர்ந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி அடுத்ததில் மாட்டுகிறீர்கள். வேலை பழகியவருக்குச் சில நிமிடங்கள் போதும்.

இதைவிட வசதியானது தானியங்கி மாற்று ரெகுலேட்டர்; இதில் மட்டும் இரண்டு தோம்புகளின் வால்வுகளும் திறந்தே இருக்கும். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பயண டிரெய்லர்களில் இது வழக்கமான பொருள். அங்கே 20 பவுண்டு அல்லது 30 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ அல்லது 13.6 கிலோ புரோப்பேன் கொள்ளும் இரண்டு தோம்புகளை டிரெய்லரின் மூக்கில் வைத்து, குளிர்பெட்டி, வெந்நீர்க் கொதிகலன், குளிர்கால வெப்பமூட்டி, அடுப்பு ஆகிய அனைத்தையும் அவற்றைக் கொண்டே ஓட்டுகிறார்கள். நடு இரவில் வெப்பமூட்டி அணையக் கூடாது என்பதால், ஒரு தோம்பு தீர்ந்ததும் யாரும் எழுந்து போகாமலேயே மற்றொன்று பொறுப்பேற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கிறது.

அதன் உள்வேலை எளிமையானது. நெம்புகோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தின் முதற்கட்ட அழுத்தம், மறுபக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அமைந்திருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை மறுபக்கம் தானாகவே மூடிக் கிடக்கும். முதல் தோம்பு தீர்ந்து அழுத்தம் விழுந்ததும் மறுபக்கம் திறந்துகொள்ளும். அதே நேரத்தில் ரெகுலேட்டரின் கண்ணாடிச் சாளரத்தில் பச்சை மறைந்து சிவப்பு தெரியும். நெருப்பில் எந்த மாற்றமும் தெரியாது என்பதே இந்தக் கருவியின் பலம், அதுவே பலவீனமும்கூட. சிவப்பைப் பார்க்காதவர் கையிருப்பைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அறியாமலேயே அதையும் தீர்த்துவிடுவார். சிவப்பு தெரிந்தவுடன் நெம்புகோலை நிறைந்த தோம்பின் பக்கம் திருப்பி, காலித் தோம்பின் வால்வை மூடி, அன்றோ மறுநாளோ அதை மாற்றிவிட வேண்டும்.

கடையில் உதவிக்கு நிற்கும் பையனிடம் இதைச் சொல்லி வைத்தால் நல்லது. “அண்ணே, பச்சை போயி சிவப்பு வந்திருச்சு” என்று அவன் சொன்னால், “கடை மூடுறப்ப பாத்துக்கலாம்” என்று பதில் சொல்லாதீர்கள். “சரி தம்பி, அந்தப் பக்கம் வால்வை மூடிட்டு கேஸ்காரருக்குப் போன் போடு” என்பதே சரியான பதில்.

இறக்குமதியாகும் அமெரிக்க மாற்று ரெகுலேட்டர்கள் திருகு இணைப்புக் கொண்டவை. நம் வீடுகளில் புழங்கும் 12 கிலோ, 14 கிலோ தோம்புகளின் வாயோ ரெகுலேட்டரை மேலிருந்து அழுத்திப் பொருத்தும் வகையைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்ப்பதற்கென்று இணையச் சந்தையில் விற்கும் பெயர் தெரியாத இடைக்குழாய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ள பொருளாகப் பார்த்து, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற எரிவாயு வல்லுநரைக் கொண்டே இணைப்பைச் செய்ய வேண்டும். தனி ஆளாக நடத்தும் சிறு கடைக்குத் தானியங்கியைவிடக் கையால் மாற்றும் முறையே மேல் என்பது என் கருத்து. அடுப்பு அணைவது எரிச்சலைத் தரும்தான். ஆனால் ஒரு தோம்பு தீர்ந்துவிட்டது என்பதை அதைவிட உறுதியாகச் சொல்லும் அறிவிப்பு வேறு இல்லை.

கூட்டு முறை எப்போது தேவைப்படும்?

தோம்பில் இருப்பது பெரும்பாலும் திரவம். அடுப்புக்குப் போவது அதன் மேலே நிற்கும் ஆவி. ஆவி வெளியேறும்போது திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. அதற்குத் தேவையான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் தோம்பின் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வீட்டு அடுப்பு போன்ற சிறிய அடுப்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால், உயர் அழுத்த அடுப்பில் பெரிய கடாயை ஏற்றி மணிக்கணக்கில் முழுத் தீயில் எரித்தால், தோம்பு வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைப் பெறும் வேகம் போதாமல் போய், உள்ளே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தீ சுருங்கும். பினாங்கின் ஈரக்காற்றில் அந்த நேரத்தில் தோம்பைத் தொட்டுப் பார்த்தால், கீழ்ப்பாதியில் நீர்த்துளிகள் பூத்து வழிந்துகொண்டிருக்கும். தீ மிக வேகமாக எரிந்தால் வெண்பனிகூடப் படியும்.

தைப்பூசத்தின்போது ஜாலான் கெபுன் பூங்காவில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் டிரெய்லரை நிறுத்தி விடிய விடியச் சமைப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாதி நிறைந்த தோம்பைத் திருப்பி அனுப்புவோரும் உண்டு. தோம்பைச் சாய்த்து வைப்போரும், வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவோரும் உண்டு. சாய்த்து வைப்பது மிகவும் ஆபத்தானது. ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அடுப்பில் பெருந்தீயாக எழும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் ஆவியாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதற்கு முறையான தீர்வு கூட்டு முறைதான். இரண்டு தோம்புகள் சுமையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றிலிருந்தும் பாதி ஆவிதான் எடுக்கப்படும். குளிர்ச்சியும் அந்த அளவுக்குக் குறையும். கூட்டாக மாட்டும் இரண்டும் ஒரே அளவாகவும் ஒரே நிறுவனத்தினுடையதாகவும் ஏறக்குறைய ஒரே அளவு எரிவாயு உள்ளதாகவும் இருக்க வேண்டும். இரு பக்கத்திலும் எதிர்ப்போக்கைத் தடுக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல், வெயிலில் நிற்கும் தோம்பும் நிழலில் நிற்கும் தோம்பும் ஒன்றாக இணைந்திருந்தால், சூடான தோம்பின் ஆவி குளிர்ந்த தோம்புக்குள் போய்த் திரவமாக மாறி, அதை அளவுக்கு மீறி நிரப்பிவிடக்கூடும்.

கூட்டு முறையில் கையிருப்பு என்று ஒன்று இருக்காது. இருப்பும் வேண்டுமென்றால் மூன்றாவது தோம்பு வேண்டும். மூன்றாவதை வாங்குமுன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென் என்ற மானிய விலை, அதாவது 14 கிலோ தோம்புக்கு 26 ரிங்கிட் 60 சென், அடிப்படையில் குடும்பங்களுக்காக வகுக்கப்பட்டது. வணிகர்கள் அதைப் பயன்படுத்துவது குறித்து 2025 மே மாதம் தொடங்கிய, மானிய எரிவாயு முறைகேட்டுக்கு எதிரான ஓப்ஸ் காசாக் என்ற அமலாக்க நடவடிக்கைக்குப் பிறகு சிறு வியாபாரிகளிடையே நிறைய விவாதம் எழுந்தது. உங்கள் கடையின் அளவுக்கு எந்தத் தோம்பு, எத்தனை தோம்பு பொருந்தும் என்பதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பினாங்கு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வதே நல்லது.

எவ்வளவு மிச்சம் என்பதை அறிதல்

ரெகுலேட்டரில் முள் காட்டும் அழுத்தமானி இருந்தால், அது கேஸின் அளவைக் காட்டுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. உள்ளே ஒரு கிலோ திரவம் மிஞ்சியிருந்தாலும் பத்துக் கிலோ மிஞ்சியிருந்தாலும், வெப்பநிலை ஒன்றாக இருந்தால் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். திரவம் முழுதும் தீர்ந்த பிறகுதான் முள் வேகமாக விழும். அப்போது அதைப் பார்த்துப் பயனில்லை.

தராசைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொரு தோம்பின் மேலும் அதன் வெற்று எடை குறிக்கப்பட்டிருக்கும். வெற்று எடை 15 கிலோ என்று எழுதியிருக்கும் தோம்பை ரெகுலேட்டர் இல்லாமல் தராசில் வைத்து 19 கிலோ காட்டினால், உள்ளே 4 கிலோ இருக்கிறது. புதிதாக வந்த தோம்பையும் இப்படி ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. தராசு இல்லாத இடத்தில், ஒரு குவளை வெந்நீரைத் தோம்பின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஊற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேலே சுவர் சூடாக இருக்கும். ஓர் இடத்தில் சட்டென்று குளிரத் தொடங்கும். அந்தக் கோடுதான் திரவத்தின் மட்டம்.

கணக்குப் போட்டும் ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறக்குறைய 13.7 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. 4 கிலோவாட் அடுப்பு ஒன்று மணிக்குச் சுமார் 0.3 கிலோ எரிக்கும். அப்படிப்பட்ட இரண்டு அடுப்புகளை மாலையில் ஐந்து மணி நேரம் முழுத் தீயில் வைத்தால் 3 கிலோ போகும். 14 கிலோ தோம்பு நாலரை நாளைக்கு வரும். 20 கிலோவாட் உயர் அழுத்த அடுப்பென்றால் அதே தோம்பு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அதிகம் தாங்காது. மாட்டிய தேதியைத் தோம்பின் மீது சாக்கட்டியால் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு மாதத்திலேயே தங்கள் கடையின் கணக்கு மனப்பாடமாகிவிடும்.

தோம்பு தீரும் தறுவாயில் தீ சோர்ந்து போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் −42 பாகை செல்சியஸிலும் பியூட்டேன் ஏறத்தாழ −0.5 பாகை செல்சியஸிலும் கொதிப்பதால், புரோப்பேனே முந்திக்கொண்டு வெளியேறும். கடைசியில் அழுத்தம் குறைந்த பியூட்டேன்தான் அதிகமாக மிஞ்சும்.

தோம்பை மாற்றும்போது

முதலில் டிரெய்லரிலுள்ள எல்லா அடுப்புகளையும் அணைத்துவிட வேண்டும். ஓர் அடுப்பில் சிறு தீ மட்டும் எரிகிறது, அது இருக்கட்டும் என்று விடக் கூடாது. சிகரெட் பிடிப்பவர் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. காலித் தோம்பு என்றாலும் வால்வை மூடிய பிறகே ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும், ஏனெனில் காலி என்று நாம் சொல்லும் தோம்புக்குள் ஆவி எப்போதும் எஞ்சியிருக்கும். மாற்று ரெகுலேட்டர் பொருத்தியிருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் முக்கியமானது. மறுபக்கத் தோம்பு திறந்தே இருக்கும்போது இந்தப் பக்கத்துக் குழாயைக் கழற்றினால், உள்ளிருக்கும் தடுப்பு வால்வு ஒன்றுதான் கேஸ் வெளியேறாமல் காக்கும். அந்த வால்வு தேய்ந்து போயிருந்தால் அதுவும் காக்காது.

புதுத் தோம்பின் மூடியை எடுத்ததும் வாய்க்குள் குனிந்து பாருங்கள். அங்கே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் வெடித்தோ கழன்றோ இருந்தால் அந்தத் தோம்பை ஏற்றுக்கொள்ள வேண்டாம். கொண்டு வந்தவர் அவசரத்தில் இருப்பார். “அண்ணே, கொஞ்சம் நில்லுங்க, ரப்பரைப் பாத்திட்டு காசு தர்றேன்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வேறு தோம்பை இறக்கித் தருவார்.

ரெகுலேட்டரை நேராக வைத்து அழுத்தினால் ‘க்ளிக்’ என்ற ஒலி கேட்கும். பிறகு மெல்ல மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். வால்வை மெதுவாகவே திறக்க வேண்டும். சில ரெகுலேட்டர்களில் மிகைப்பாய்வைத் தடுக்கும் அமைப்பு இருக்கும். சட்டென்று திறந்தால் குழாய் அறுந்துவிட்டதாக அது எண்ணிக்கொண்டு பாய்வை நிறுத்திவிடும். அடுப்பு எரியாமலோ மிகச் சிறிதாக எரிந்தோ தொல்லை கொடுத்தால், மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடியும் நிதானமாகத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது சோப்பு நீர்ச் சோதனை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பழைய தூரிகையால் ரெகுலேட்டர் பொருந்தும் இடம், குழாயின் இரு முனைகள், கவ்விகள் ஆகிய எல்லாவற்றின் மேலும் தடவுங்கள். தடவும்போதே எழும் நுரையைப் பொருட்படுத்த வேண்டாம். அது அடங்கிய பிறகும் ஒரே இடத்தில் ஒரு குமிழி மெல்லப் பருத்து, உடைந்து, மீண்டும் அதே புள்ளியில் பருக்கிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். அப்படிப் பருத்தால் அங்கே கசிவு இருக்கிறது. தீக்குச்சியையோ லைட்டரையோ கொண்டு சோதிப்பவர்களை இன்னும் காண முடிகிறது. அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

நிறுத்தும் இடமும் இழுத்துச் செல்லும்போது கவனமும்

எரிவாயுவின் ஆவி காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் அது மேலே போகாது, தரையில் பரவி மூலைகளில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. அதனால் தோம்புகளை டிரெய்லரின் உள்ளே, மேசைக்கு அடியில், கதவு போட்ட அலமாரியில் வைக்கக் கூடாது. வெளியே, அடித்தளம் திறந்த கம்பித் தட்டில், நிமிர்த்தி வைத்து, இடுப்பிலும் தோளிலும் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஜெனரேட்டரை அவற்றின் பக்கத்திலேயே வைக்கும் வழக்கத்தை எங்கே பார்த்தாலும் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. நீளமான மின்கம்பி வாங்கி டிரெய்லரின் மறுகோடியில் அதை வைப்பது பெரிய செலவல்ல.

வண்டியை இழுக்கத் தொடங்குமுன் இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். பினாங்குப் பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் டிரெய்லர் குலுங்கும்; குலுங்கும்போது தளர்ந்த கவ்வியோ உரசும் குழாயோ எப்போது விட்டுக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. வால்வு மூடியிருந்தால் குழாய் அறுந்தாலும் இழப்பு குழாயில் நிற்கும் கேஸ் மட்டும்தான்.

குர்னி, தஞ்சோங் புங்கா, தெலுக் பஹாங் போன்ற கடலோரங்களில் கடை போடுபவர்கள் தோம்பைக் கவிழ்க்காமல், சாய்க்காமல், தூக்கி அதன் அடிவளையத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். உப்புக்காற்று முதலில் அரிப்பது அந்த இடத்தைத்தான். துரு செதிலாக உதிரும் தோம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். வளைத்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். உயர் அழுத்த ரெகுலேட்டரோடு வீட்டு அடுப்புக்குரிய ஆரஞ்சு நிறக் குழாயை மாட்டவே கூடாது. வீட்டு ரெகுலேட்டர் வெளிவிடும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார்தான். அந்தக் குழாய் அந்த அளவுக்கென்று செய்யப்பட்டது.

கேஸ் வாடை வந்தால் தோம்பின் வால்வை மூடி, ஆட்களை வெளியேற்றி, எல்லாப் பக்கமும் திறந்துவிட வேண்டும். விளக்கு, மின்விசிறி, ஜெனரேட்டர் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சின் உள்ளே எழும் சிறு பொறியே போதும். கசியும் இடத்திலேயே தீப்பற்றிக்கொண்டு, வால்வை நெருங்க முடியாமல் போனால், அணைக்க முயலாமல் விலகி 999 எண்ணுக்கு அழையுங்கள், ஏனெனில் கசிவை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் கண்ணுக்குத் தெரியாமல் பரவி மீண்டும் பெரிதாகப் பற்றும். உலர்தூள் தீயணைப்பானை அடுப்புக்கு மேலே தொங்கவிடாமல், வெளியேறும் வாசலருகே மாட்டி வையுங்கள்.

மாற்றுத் தோம்பு வாங்கும் நேரம்

முதல் தோம்பு தீர்ந்த அன்றே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும். இருப்புத் தோம்பு பாதியாகட்டும் என்று காத்திருந்தால் இருப்பு முறைக்கே பொருளில்லை. முகவர்கள் பெரும்பாலும் தங்கள் நிறுவனத்தின் காலித் தோம்பையே மாற்றாகப் பெறுவார்கள் என்பதால், இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்கியிருந்தால் அலைச்சல் மிச்சம். பினாங்கில் எரிவாயு விற்கும் கடைகளில் கணிசமானவை சீனர்களுடையவை. சீனப் புத்தாண்டையொட்டிப் பல கடைகள் சில நாள் மூடியிருக்கும். தைப்பூசமும் பெரும்பாலும் அதற்கு அண்மையிலேயே வரும். அந்தப் பருவத்தில் கடை போடுகிறவர்கள், புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு தோம்புகளையும் நிறுத்துப் பார்த்து, பாதிக்குக் கீழே இறங்கிய தோம்பை அப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும்.